சூடு ஆகாது

காயலான் கடை லாரி வந்து நின்றபோது, மண் தள்ளும் பழைய செயின் டிராக்டரின் ரேடியேட்டர் முன்னால் புஷ்பமேரி ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் போனபின் அவளுக்கென்று மிச்சம் அந்த வண்டிதான்.

"மதினி, காத்தை அடைச்சா எஞ்சின் வெந்துரும்!" என்று பதறினான் கொழுந்தன் ஜெபராஜ். மெக்கானிக். தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கிற வால்வை என்றோ கழற்றி வீசிவிட்டு, "நம்ம வண்டி சூடே ஆகாது" என்று ஊரெல்லாம் பெருமையடித்தவன். அன்றிலிருந்து சூடு பிடிக்காத எஞ்சினில் டீசல் சரியாக எரியாமல் வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கியது, குளத்துக்கரையில் ஏறச் சொன்னால் இருமி நின்றது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றதும் அவன்தான். அவள் எதிர்த்துப் பேசியபோது, "பொம்பளைக்கு இவ்வளவு சூடு ஆகாது" என்றான்.

புஷ்பமேரி ஸ்டார்ட் செய்தாள். வருஷக்கணக்கில் படுத்தே கிடந்த ஹீட் மீட்டர் முள் மெல்லத் தலை தூக்கியது. ஜெபராஜ் கண்ணை மூடிக்கொண்டான். எண்பதைத் தொட்டதும் அவள் இறங்கிப்போய்ச் சாக்கைப் பாதி சுருட்டிவிட்டாள். முள் அங்கேயே நின்றது. புகை இருந்த இடம் தெரியவில்லை.

வண்டி மண்ணைத் தள்ளிக்கொண்டு கரையேறித் திரும்பி வந்தது. ஜெபராஜ் பானெட்டைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தான்.

"சுடுது மதினி."

"சூடு சொரணை இருந்தா சுடத்தான செய்யும் கொழுந்தனாரே" என்றவள், வண்டியை ஏற்றிப்போக வந்து நின்ற லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கை காட்டினாள்.