மணிக்கு ஒரு மிஸ்டு கால்

அன்று திரையில் இருந்தவை மூன்று விளக்குகளா நான்கா என்பது இப்போது சரியாக நினைவில்லை. வருடம்கூட இரண்டாயிரத்து நான்கா ஐந்தா என்று தடுமாறுகிறது. எல்லாம் பச்சையாக இருந்தன என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

மூன்று என்றே வைத்துக்கொள்வோம்.

மூன்று சர்வர்கள், ஆளுக்கொரு விளக்கு. கல்லூரித் தேர்வு முடிவைப் பார்க்க இணையத்தில் முண்டியடிக்கும் கூட்டத்தை மூன்றுக்கும் பங்கிட்டு அனுப்ப ஒரு பெட்டி. பங்கீடு ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க ஒரு மென்பொருள். அந்த மென்பொருளைக் கண்காணிக்க லிடியா.

திண்டுக்கல் திருச்சி சாலையில், பழைய இரும்புக் கடைக்கு மேலே, மாடி அறை.

அதற்கு முந்தின வருடம் முடிவு வந்த அன்று சர்வர் படுத்துவிட்டது. ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் பிரவுசிங் சென்டர் வாசலில் பொழுது சாயும்வரை நின்றார்கள். அவர்களைத் தாண்டித்தான் லிடியா வீட்டுக்குப் போனாள். இந்த வருடம் ஒரு பிள்ளைகூட அப்படி நிற்கக்கூடாது என்று காலையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதே நாளில்தான் மதுரையில் அவளுடைய அப்பா ராயப்பராஜுக்கு இருதய ஆபரேஷன். ரெட்டியார்சத்திரத்தில் பூ விவசாயம் செய்கிறவர். லீவு போடுகிறேன் என்றதற்கு ஒரே அதட்டு.

"நீ வந்து என்ன செய்யப் போற? டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா? போயி உன் பெட்டியப் பாரு தாயி."

ஓர் ஏற்பாடு மட்டும் செய்துகொண்டார்கள். மணிக்கு ஒரு தடவை அப்பாவின் செல்லிலிருந்து மிஸ்டு கால் வரும். அவர் தியேட்டருக்குள் போனபின் அம்மா ஆனந்தமேரி கொடுப்பாள். வந்தால் எல்லாம் நல்லபடி. எடுக்க வேண்டியதில்லை.

வந்துகொண்டுதான் இருந்தது.

மதியம் வடமதுரை பிரவுசிங் சென்டர்க்காரர் ஃபோனில் கத்தினார். மூன்றில் ஒரு பிள்ளைக்கு வெறும் வெள்ளைப் பக்கம்தான் வருகிறதாம்.

"அவரு நெட்டு நொண்டுதுக்கா," என்றான் பக்கத்து நாற்காலி தப்ரேஸ். பேகம்பூர்ப் பையன், வாய் ஓயாதவன். "இங்க பாருங்க, மூணும் பச்சை. பச்சைக்கு மேல என்ன கலரு வேணுமாம் அவருக்கு?"

லிடியா சிரிக்கவில்லை. மூன்றில் ஒன்று என்பது உறுத்தியது.

ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாக ஒரு மதிப்பெண்ணைக் கேட்டுப் பார்த்தாள். முதலாவது கொடுத்தது. மூன்றாவது கொடுத்தது. இரண்டாவது பேசவில்லை.

விளக்கோ பச்சை.

இரண்டாவதிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தாள். பிறகு புரிந்தது. மென்பொருள் அதனிடம் 'இருக்கியா' என்று மட்டும்தான் கேட்கிறது. அதுவும் 'இருக்கேன்' என்கிறது. பொய் இல்லை. மின்சாரம் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது. மதிப்பெண்ணை எடுத்துக் கொடுக்கிற புரோகிராம் மட்டும் உள்ளே எப்போதோ நின்றுபோயிருக்கிறது. பெட்டி அந்தப் பச்சையை நம்பிப் பிள்ளைகளை அங்கே அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ரெண்டாவத வரிசையில இருந்து எடுக்கப் போறேன்."

"எடுத்தா அம்புட்டு லோடும் மத்த ரெண்டு மேலயும்ல விழும். தாங்காதுக்கா."

"தாங்கும்."

எடுத்தாள். மற்ற இரண்டும் மஞ்சளுக்குப் போயின. சுமையைக் காட்டும் கோடு சிவப்பின் விளிம்பு வரை ஏறி அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. லிடியா அதைப் பார்க்கவே இல்லை. நின்றுபோன புரோகிராமை மூடித் திரும்ப எழுப்பினாள். பிறகு மென்பொருள் கேட்கிற கேள்வியையே மாற்றினாள். இருக்கியா என்று கேட்காதே. ஒரு பதிவெண்ணைக் கொடு, மதிப்பெண்ணைக் கேள். சரியாகச் சொன்னால் மட்டும் பச்சை.

இரண்டாவது விளக்கு சிவந்தது, யோசித்தது, பச்சையானது. மஞ்சள் இரண்டும் மெல்லத் தணிந்தன.

"வடமதுரக்காரரு வெஞ்சனத்தோட சோறு அனுப்பணும் நமக்கு," என்று தப்ரேஸ் அவளுடைய சோற்றுப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினான்.

அப்போது செல் அடித்தது. அப்பா எண். இரண்டு தடவை அடித்து நின்றது.

பொட்டலத்தின் நூலைப் பிரித்த கை அப்படியே நின்றது.

காலையிலிருந்து அந்தச் செல்லிடம் அவள் எதுவுமே கேட்கவில்லை.

அழைத்தாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

"அப்பா முழிச்சிட்டாராம்மா?"

ஆஸ்பத்திரி நடையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போகிற சத்தம் மட்டும் வந்து, தேய்ந்து, போனது.

"பன்னெண்டு மணிக்கே எல்லாம் முடிஞ்சிருச்சு தாயி," என்றாள் ஆனந்தமேரி. குரல் உடையவில்லை. "எது நடந்தாலும் அவ வேல முடியுற வரைக்கும் விடாம குடுன்னு சொல்லிட்டுத்தான் உள்ள போனாரு. நீ முடிச்சிட்டே வா. அவரு இனி எங்க போகப் போறாரு."

தப்ரேஸ் எழுந்து வந்து அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவள் எழுந்திருக்கும்வரை.

அந்த வருடம் எந்தப் பிள்ளையும் வாசலில் காத்து நிற்கவில்லை. மாலைவரை தப்ரேஸ் தனியாகப் பார்த்துக்கொண்டான். இப்போது பெங்களூரில் இதே வேலையில் இருக்கிறான். சர்வர்கள் மூன்றும் சில வருடங்களில் கீழே இரும்புக் கடைக்கே எடைக்குப் போயின. ராயப்பராஜ் ரெட்டியார்சத்திரத்துக் கல்லறையில் இருக்கிறார். லிடியா திண்டுக்கல்லை விட்டுப் போகவில்லை.

ஆனந்தமேரி அதற்குப் பிறகு யாருக்கும் மிஸ்டு கால் கொடுத்ததில்லை. எடுக்கும்வரை அடிக்கவிடுகிறாள்.