எட்டாத மூலை

திகன என்ற ஊரிலிருந்த அந்தக் களஞ்சியசாலையில், ஏலக்காய்ப் பெட்டிகள் அடுக்கிய கடைசி மூலைக்கு வைஃபை எட்டாது. கையிலிருக்கும் ஸ்கேனருக்கு அங்கே அடுத்த ஓர்டர் வராது. ஓர்டருக்குப் பெட்டி எடுத்துக் கொடுக்கும் புஸ்பராணிக்குத் தன் மனம் பேசுவது காதில் விழுவது அங்கேதான்.

"இனி வைஃபை இல்ல. நம்மட ஸ்டோருக்கெண்டே தனி நெட்வேர்க் வருது, போனுக்குப் போல. ஒரு இடத்துலயும் அறுந்து போகாது," என்றார் மேற்பார்வையாளர் பஸ்லினா, சிரிக்காமல்.

"போச்சு. இனிமே மூச்சு விடவும் ஸ்கேனர்கிட்ட கேக்கணும்," என்று முணுமுணுத்தாள் கூட வேலை செய்யும் கமலேஸ்வரி.

பொறியியலாளர்கள் வந்தபோது, பஸ்லினா ஏலக்காய் மூலையில் நின்று வெகுநேரம் விரல் நீட்டிப் பேசினார். இந்த மூலையும் போய்விடும் என்று நினைத்தாள் புஸ்பராணி.

புதிய நெட்வேர்க் தொடங்கிய அன்று ஸ்கேனர்கள் எல்லா இடத்திலும் கத்தின; அந்த மூலையில் மட்டும் கத்தவில்லை.

"தெரியாம விட்டுட்டுப் போயிட்டாங்க. பஸ்லினா மிஸ் காதுல விழுந்தா தொலைஞ்சோம்," என்றாள் கமலேஸ்வரி.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு புஸ்பராணி மெல்ல அங்கே போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியில் சாய்ந்து, கண்மூடி உட்கார்ந்திருந்தார் பஸ்லினா.

"மிஸ், இங்க சிக்னல் இல்லையே."

"தெரியும். இந்த மூலைய உட்டுடுங்கண்டு நான்தானே சொன்ன." இடுப்பில் தொங்கிய ஸ்டோர் போனைத் தட்டினார். "இதுவும் அந்த நெட்வேர்க்லதான். ஹெட் ஒபிஸ் என்னையும் இதுலதானே தேடுற. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க."

"எல்லாருக்கும் தெரியும் மிஸ். உங்களுக்குத்தான் தெரியாதுன்னு நெனச்சோம்."

பஸ்லினா சிரித்துக்கொண்டே, அவளுக்கும் இடம் விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.