துணைக்குச் சாப்பிட்டவன்

"இன்னிக்கும் கீரையாம்மே?" தட்டைப் பார்த்துத் தேசப்பன் பெருமூச்சு விட்டான். விடியற்காலையில் கடலிலிருந்து கூடை நிறைய மீனோடு வந்தவனுக்கு, வீட்டில் முருங்கைக்கீரையும் அவித்த காராமணியும்.

"ஒடம்பு இப்டி ஊதிப் போச்சே, நான் இன்னாய்யா செய்ய? டாக்டரு சொல்லிட்டாரு," என்றாள் குப்பம்மா. "ஒனக்கு வேணும்னா கருவாடு சுட்டுத் தரேன்."

"நீ தழையத் துன்னுகினு கீறப்போ எனக்குக் கருவாடு எறங்குமா? போடு, நானும் அதையே துன்றேன்."

ராயபுரம் குப்பமே சிரித்தது. "இன்னாக்கா, தெனமும் கீரையா வாங்கினு போறே, வூட்ல ஆடு வளக்கிறியா?" என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மா. குப்பம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் அவளை எடை பார்த்தார். பதினைந்து ராத்தல் குறைந்திருந்தது.

"கழுத்துச் சுரப்பி சரியா வேலை செய்யாமத்தான் ஊதிப்போனீங்க. மாத்திரை நல்லா கேக்குது. உங்களுக்குச் சாப்பாட்டுல பத்தியம் வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேனே. எனக்கு உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான் கவலை. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கு, கருவாட்டை விட்டுட்டுக் கீரை, காய்கறி சாப்பிடுங்கன்னேன். கடல்ல போறவனுக்கு இன்னா பத்தியம்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரே!"

குப்பம்மா வெளியே நின்ற தேசப்பனை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு மாசமா கீரைதான் சார் துன்றாரு. எனக்குத் துணைக்காம்! பத்தியம் எனக்குன்னே இருக்கட்டும். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."