பிளைவுட்தான் சார்!

“நெருப்பை அணைக்க வந்தவங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்களே, இது என்ன அநியாயம்!”

துணிக் குடோன் முதலாளி கத்தியதும் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கூட்டத்துக்குச் சொல்லியா தர வேண்டும்?

முன்பக்கத் தீ அடங்கிவிட்டது. பின்பக்கம் உள்கூரைக்கு மேலே மட்டும் கனன்றுகொண்டிருந்தது. கூரைப் பலகையை உடைத்துத் தண்ணீர் அடித்தால்தான் அணையும். ஆனால் மாஸ்க்கோடு மாட்டும் காற்று சிலிண்டர்கள் எல்லாமே தீர்ந்துவிட்டன. வேறு வர இருபது நிமிஷம் ஆகும்.

“உள்ளே ஆள் யாரும் இல்லையே?” என்று கேட்டார் தீயணைப்பு அதிகாரி.

“ஆள் இல்ல சார். சரக்கு இருக்கே! இருபது நிமிஷம் கழிச்சு சாம்பலைத்தான் அள்ளணும்.”

“பழைய கட்டடம். உள்கூரை ஆஸ்பெஸ்டாஸா இருந்தா, உடைக்கும்போது வர்ற தூசு நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். இருபது முப்பது வருஷம் கழிச்சுக்கூட ஆளைக் கொல்லும். போன வாரம்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. மாஸ்க் இல்லாம யாரையும் உள்ளே அனுப்ப மாட்டேன்.”

“எரியற வீட்டு வாசல்ல நின்னு பாடம் நடத்தறார் பாருய்யா!”

“உயிருக்குப் பயந்தவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?”

நாலைந்து பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

கோடாலியோடு நின்ற வீரருக்கு முகம் செத்துவிட்டது. ஸ்டேஷனில் அவரை எல்லோரும் ‘நெட்டை’ என்பார்கள். “சார், ஊரே காறித் துப்புது. நான் போயிடறேன் சார்.”

“சும்மா இருடா. குழந்தை பொறந்து ஒரு மாசம்கூட ஆகல உனக்கு.”

முதலாளி அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன வருஷம்தான் சார் கூரையை மாத்தினேன். நானே பக்கத்துல நின்னு போட வெச்சேன். பிளைவுட்தான் சார்! சத்தியமா சொல்றேன், காப்பாத்துங்க.”

சொல்லும்போதே கண்ணீர் கொட்டியது. தள்ளாடியவரைக் கல்லூரியில் படிக்கும் மகள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள்.

அதிகாரியின் மனசு இளகிவிட்டது. பெற்ற மகள் முன்னால் இப்படி அழுகிற மனுஷன் பொய்யா சொல்வார்?

“சரி, போ. மூக்குல ஈரத்துணியைக் கட்டிக்கோ. சீக்கிரம் வந்துடணும்.”

கோடாலி விழும் சத்தம் கேட்டது. பலகைகள் உடைந்து விழுந்தன. ‘நெட்டை’ இருமுவதும் கேட்டது. அதிகாரிக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

கால் மணி நேரத்தில் நெருப்பு அணைந்தது. சரக்கு பிழைத்தது.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை வெளேரென்று தூசியோடு ‘நெட்டை’ வெளியே வந்தார். இவ்வளவு நேரம் திட்டிய கூட்டம் கை தட்டியது.

முதலாளியின் மகள் நெகிழ்ந்துபோனாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

முதலாளி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“கிட்டப் போகாதே! அவர் மேல இருக்கறது பூரா ஆஸ்பெஸ்டாஸ் தூசு!”