டீட்மாரின் பூஜ்யம்

ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில், கணிதக் கருத்தரங்க அறையில் பிற்பகல் வெளிச்சம் ஈரக் கரும்பலகையில் வழிகிறது. அதில் வரைந்த இரண்டு புள்ளிகளுக்கிடையே போக ஓர் அம்பு, திரும்ப ஓர் அம்பு. "பாவம், செத்துப்போன நம்ம டீட்மார்," என்கிறார் சாக்கட்டியோடு நிற்கும் பேராசிரியர் ஃபோல்மர். "ரெண்டு அம்பையும் பெருக்கினா, அவர் சொன்ன பூஜ்யம் வரல. அவர் தேற்றம் அவ்ளோதான்." சிலர் சிரிக்கிறார்கள். டீட்மாரின் மனைவி இர்ம்கார்ட் எழுந்து போய் ஃபோல்மரின் கையிலிருந்து சாக்கட்டியைப் பிடுங்குகிறாள். "அவர் வலப்பக்கத்துலேர்ந்து பெருக்குவார். நீங்க இடப்பக்கத்துலேர்ந்து பெருக்கிட்டுத் தப்புங்கிறீங்க. அம்புல வரிசை மாறினா விடையும் மாறும்." "வீட்ல சொல்லிக்குடுத்தாரா, மேடம்?" "கட்டுரையோட முதல் பக்கத்துலயே எழுதியிருக்கார். நீங்க புரட்டவே இல்ல." வலமிருந்து பெருக்குகிறாள், பூஜ்யம் வருகிறது. சொன்னது சரியென்றால் மேசையை விரல்முட்டியால் தட்டிப் பாராட்டுவது இங்கே வழக்கம். ஃபோல்மர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அறையிலிருக்கும் பத்துப் பேரும் தாள்களை அடுக்குகிறார்கள். ஒரு கையும் மேசையைத் தட்டவில்லை. இர்ம்கார்ட் அவர்களைப் பார்த்தபடியே, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கரும்பலகையை ஓங்கித் தட்டுகிறாள்.