நூற்றெட்டாவது சொல்

“தங்கமயில், அவர் நாளைக்கே வரார்! உங்க சந்துல அந்த வார்த்தை அவர் காதுல விழலைன்னா, என் அஞ்சு வருஷ உழைப்பு இந்தச் சேத்தோட போச்சு!”

குடையை விரிக்கக்கூட மறந்து மழையில் நின்றார் நாணு. வீடு மாட்டுங்கா, மனைவி ருக்கு, பகலெல்லாம் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. மிச்ச நேரமெல்லாம் தாராவித் தமிழை ஆராய்ந்து, பம்பாய் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கத் துடிப்பவர். திருநெல்வேலிக்காரர்கள் பேச்சிலிருந்து நூற்றெட்டுச் சொற்கள் சேகரித்திருந்தார். நூற்றேழை மெட்ராஸ் பரீட்சகர் ஒப்புக்கொண்டாயிற்று. ‘தவ்வாட்டி’ மட்டும் தொண்டையில் சிக்கிய முள். சேற்றைத் தாண்டச் சந்தின் குறுக்கே போடும் பலகைக்கு அந்தப் பெயராம். எந்த அகராதியிலும் இல்லை.

“நீர் தப்பாக் கேட்டு எழுதியிருக்கீர்ங்கறார்...”

“நீங்க எதுக்கு சார் கெடந்து மருகுதிய? வரட்டும்” என்றாள் தங்கமயில்.

தோல் பதனிடும் கூடத்தில் வேலை அவளுக்கு. சந்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சில்லை. யுத்த காலத்தில் அங்கிருந்த நாற்பது குடும்பத்துக்கும் ரேஷன் கார்டு மனு எழுதிக் கொடுத்தவர் நாணு. அவருக்காக அந்தச் சந்து மாஹிம் கடலையே குடித்து ஏப்பம் விடும்.

மறுநாள் பரீட்சகர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, தங்கச் சங்கிலிக் கடிகாரம். முதல் அடியிலேயே முழங்கால்வரை சேறு.

“பாத்து வாங்கய்யா! தவ்வாட்டி வழுக்கும்!” என்று ஓடிவந்து தாங்கினான் தங்கமயிலின் புருஷன் சிவனாண்டி.

“ஏட்டி கனகவள்ளி, எங்க வீட்டுத் தவ்வாட்டிய எவ தூக்கிட்டுப் போனா?” என்று ஒரு வாசலிலிருந்து கத்தினாள் ஒருத்தி.

“நான் என்ன ஒங்க தவ்வாட்டிக்குக் காவலா? போன மழையிலயே அது கடலுக்குப் போயாச்சு!”

பலகையை நகர்த்தியவனை இந்தியில் வறுத்தெடுத்த எதிர்வீட்டு பேகம்கூட, “அரே, மேரா தவ்வாட்டி!” என்றுதான் தொடங்கினாள்.

பரீட்சகர் சேற்றில் நின்றபடியே கடலைக் கடைந்து அமுதம் கண்டவர்போல் சிரித்தார்.

“இனிச் சந்தேகமே இல்லை. வாழ்த்துகள், டாக்டர் நாணு!”

நாணுவின் கண்ணில் பெருகியது மழையைத் தோற்கடித்தது. தங்கமயிலைப் பார்த்துக் கைகூப்பினார். “உங்க நாக்குல இருக்கற தமிழ் போட்ட பிச்சை இது. முன்னுரையில முதல் பேர் உன் பேர்தான்.”

“அது கெடக்கு. மொதல்ல வீட்டுக்குப் போயி ருக்கு அம்மாகிட்டச் சொல்லுங்க சார்.”

இரண்டு குடைகளும் முனை திரும்பி மறைந்தன. தங்கமயில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுச்சந்தில் நின்றாள்.

“ஏ, எல்லாரும் கேட்டுக்கிடுங்க! அன்னைக்கு வெறும் நோட்டோட நின்னாரேன்னு மனசு கேக்காம நானா ஒரு வார்த்தைய உண்டாக்கிச் சொல்லப் போயி, நேத்துப் பூரா ஒங்களுக்குப் பாடம் நடத்திட்டேன். நல்லா இருப்பிய! இனிமே பலகையப் பலகைன்னே சொல்லுங்க.”