தராசுக்கு அடியில ரோமாபுரிக்காரி

எலிசாக்கா கடைத் தராசுல, தட்டுக்கு அடியில மெழுகு வெச்சு ஒட்டியிருந்த காசை நான்தான் கண்டுபுடிச்சேன்.

கீழ வுழுந்த தீப்பெட்டிய எடுக்கக் குனிஞ்சேன். கண்ணுல பட்டுச்சு. படக்குன்னு புடுங்கித் தூக்கிக் காட்டுனேன். எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்கு போட்டதுக்கப்புறம் நான் செஞ்ச முதல் உருப்படியான வேலை.

"இப்பப் போடுக்கா, நேர்மையா ஒரு கிலோ"ன்னு அதட்டி, எங்க வூட்டு அரிசிய நிறுத்து வாங்கிப் பையில போட்டுக்கினேன்.

ஒதியம்பட்டு ஊரே கூடிடுச்சு. இத்தினி நாளா எவ்ளோ அரிசி போச்சோன்னு தையலம்மா அழுவுறாங்க. கடைய இழுத்துப் பூட்டுன்னு வீரப்பன் குதிக்கிறான். புருஷன் இல்லாம ரெண்டு பொண்ணுங்கள வெச்சிருக்கிற அக்காவுக்கு அந்தக் கடைதான் சோறு. எதையோ சொல்ல வாயெடுத்துது. யாரு கேட்டா?

காசு எந்த ஊருதுன்னே புரியல. பாசி புடிச்ச மாதிரி பச்சையா இருக்கு. பிரெஞ்சுக்காரன் காலத்துல அரிக்கமேட்டுல தோண்டறப்ப மண்ணு சுமந்த கண்ணையன் மாமா வாங்கித் தேய்ச்சுப் பார்த்தாரு.

"ரோமாபுரிக் காசுடா. வெண்கலம். ஒரு பக்கம் ராஜா. மறுபக்கம் நல்ல குணம் ஒவ்வொண்ணையும் பொம்பளையாப் போடுவானுங்க. இவ கையில பாரு, தராசு. இவதான் நேர்மை."

"அதான் அக்கா நேர்மையத் தட்டுக்கு அடியில அமுக்கி வெச்சிருக்குது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

மாமா சிரிக்கல. "எந்தத் தட்டுலேர்ந்துடா புடுங்குன?"

"எடைக்கல்லு வெக்கிற தட்டு."

"சரக்குத் தட்டு இல்லியே?"

எனக்குக் குழம்பிடுச்சு. கல்லுப் பக்கம் கனம் ஏறுனா, அரிசி கூட வருமா, குறைஞ்சு வருமா? வீரப்பன் ரெண்டு கையையும் தராசாட்டம் ஏத்தி எறக்கிப் பார்த்தான். தையலம்மா அழுகைய நிறுத்திட்டு, யாரைத் திட்டறதுன்னு தெரியாம என்னைப் பார்த்தாங்க.

மாமா கிலோக் கல்லைக் கவுத்தாரு. அடியில வெறுங்குழி.

"குழியில அடைச்சிருந்த ஈயம் வுழுந்துடுச்சு மாமா" அக்கா சொல்லுச்சு. "எடைக்கல்லுக்கு முத்திரை போடற ஆபீஸ்ல அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாங்க. கல்லு எடை குறையுதேன்னு, சில்லறையில யாரோ தள்ளிவுட்ட அந்தச் செல்லாத காசை ஒட்டி வெச்சேன்."

கூட்டம் கரைஞ்சுது. நானும் நைசா நழுவப் பார்த்தேன்.

"நில்லுடா"ன்னு அக்கா ஒரு கை அரிசிய அள்ளுச்சு. "பையப் புடி. என் கடையில எடை குறைஞ்சு வாங்குனவன் நீ ஒருத்தன்தான்."